பேஸ்பால் டிராஃப்ட்டும் ஸ்கவுட்டுகளும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். என் மகன் பள்ளி அணியில் கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்), சுமாரான கேட்சர். ஆனால் அவனோடு ஆடிய, பந்து வீசும் பிட்ச்சர் பையன் ஒருவன் இருந்தான். அவனைப் பார்க்க ஒரு வசந்த காலம் முழுக்க, பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வந்துபோனார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதுதான் கீழே இருப்பது. ஊரிலிருந்து வரும் உறவினர், ஆபீஸ் நண்பர்கள், மற்ற பையன்களின் பெற்றோர் என்று எல்லோரும் அதே சந்தேகங்களையே கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

டிராஃப்ட்னா என்ன சார்? நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரிதானே?

ஏலம் இல்லை, வரிசை. 30 மேஜர் லீக் அணிகளும் முறைவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போகும். இப்போது மொத்தம் 20 சுற்று. ஓர் அணி பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பையனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான். விலையை ஏற்றிக் கேட்க வேறு ஆள் கிடையாது. 'அந்த ஊர் வேண்டாம், இந்த ஊர் வேண்டும்' என்று பையனும் சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்குப் போகலாம், அவ்வளவுதான்.

இது 1965-ல் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் காசுள்ள அணி நேராக வீட்டுக்கே போய்ப் பையனை வாங்கிவிடும். 1964-ல் ரிக் ரைகார்ட் என்ற கல்லூரி ஆட்டக்காரருக்கு ஏஞ்சல்ஸ் அணி சுமார் 2 லட்சம் டாலர் கொடுத்தது. இப்படியே போனால் கட்டுப்படியாகாது என்று முதலாளிகள் பயந்துபோய் டிராஃப்ட்டைக் கொண்டுவந்தார்கள். முதன்முதலில் அழைக்கப்பட்ட பெயர் ரிக் மண்டே, அரிசோனா ஸ்டேட் மாணவர். ரொம்ப நாள் ஜூன் மாதத்தில் நடந்தது. 2021 முதல் ஜூலை. மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்பது பழைய வழக்கம். வேண்டுமென்றே தோற்பவர்களைத் தடுக்க, 2023 டிராஃப்ட்டிலிருந்து முதல் 6 இடங்களுக்குக் குலுக்கல் போடுகிறார்கள்.

இந்தியாவிலேருந்து ஒரு பையன் டிராஃப்ட்ல போக முடியுமா?

இந்தியாவில் இருந்துகொண்டே முடியாது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ, மற்ற அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கும் அங்கே படிப்பவர்களுக்கும்தான் டிராஃப்ட். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் 16 வயதிலேயே நேரடியாக ஒப்பந்தம் போடுவார்கள். அது தனி உலகம். 2008-ல் இந்தியாவில் நடந்த பந்து வீசும் போட்டியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்ததும் டிராஃப்ட் வழியாக அல்ல.

படிக்க வந்தவர் என்றால் கதை வேறு. 2024-ல் முதல் பெயராகப் போன டிராவிஸ் பசானா ஆஸ்திரேலியாக்காரர். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியதால் டிராஃப்ட்டுக்குள் வந்தார்.

ஸ்கவுட்னா மேட்ச் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவங்களா? சொகுசான வேலையா இருக்கே!

அகராதியில் 'சாரணர்' என்று போட்டிருக்கும். அப்படி எழுதினால் காக்கி நிக்கரும் கழுத்துத் துண்டும்தான் நினைவுக்கு வருகிறது, அதனால் ஸ்கவுட் என்றே எழுதுகிறேன். சொகுசு ஒன்றுமில்லை. கீழ்நிலையில் இருப்பவர் ஏரியா ஸ்கவுட். ஒரு பெரிய மாநிலமோ மூன்று நான்கு சின்ன மாநிலங்களோ அவர் பொறுப்பு. பிப்ரவரி முதல் டிராஃப்ட் வரை வாழ்க்கை காரில்தான். மதியம் ஓர் ஊரில் பள்ளி ஆட்டம், இரவு வேறோர் ஊரில் கல்லூரி ஆட்டம், நடுவில் மழை வந்து ஆட்டம் ரத்தானால் 200 மைல் ஓட்டியது வீண்.

அவர் 'இவன் தேறுவான்' என்று அறிக்கை எழுதினால் கிராஸ்செக்கர் என்ற அடுத்த நிலை ஆள் வருவார். அவர் பல ஏரியாக்களைச் சுற்றுகிறவர். ஜார்ஜியா பையனையும் கலிபோர்னியா பையனையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. அவருக்கும் பிடித்தால் கடைசியாக ஸ்கவுட்டிங் டைரக்டர் நேரில் வருவார். டிராஃப்ட்டுக்கு முந்தைய நாட்களில் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, பெயர்ப்பட்டைகளைப் பலகையில் மேலும் கீழும் மாற்றி ஒட்டிச் சண்டை போடுவார்கள். ஏரியா ஸ்கவுட்டுக்குத் தன் பையனுக்காக வாதாட அங்கே சில நிமிடம் கிடைத்தால் உண்டு.

மைதானத்துல அவங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்கவே வேண்டாம். மார்ச் மாத சாயங்காலம், குளிர் காற்று, கேட்சருக்குப் பின்னால் இருக்கும் வலையை ஒட்டி மடக்கு நாற்காலிகளில் இருபது பேர். எங்கள் பிட்ச்சர் காலைத் தூக்கியதும், கோயிலில் தீபாராதனை காட்டும்போது கைகள் உயருமே, அப்படி இருபது ரேடார் கன்களும் ஒரே நேரத்தில் உயரும். பந்து வந்ததும் இறங்கும். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸில் அவனை மாற்றினார்கள். அடுத்த பிட்ச்சர் வார்ம்-அப் முடிப்பதற்குள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். ஸ்கோர் 2-1. 'நாம ஜெயிச்சோம்னாவது அவங்களுக்குத் தெரியுமாப்பா?' என்று என் மகன் கேட்டான். தெரிந்திருக்காது. ஆட்ட முடிவு அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி.

கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். பந்து மட்டையில் பட்டதும் ஒரு சொடுக்கு, ஓடுபவன் கால் முதல் பேஸில் (அடித்தவன் ஓடித் தொடவேண்டிய முதல் தளம்) பட்டதும் இன்னொரு சொடுக்கு. தூரம் 90 அடி. வலக்கைக்காரன் 4.3 வினாடியில் ஓடினால் மேஜர் லீக் சராசரி. இடக்கைக்காரன் பேஸுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிற்பதால் அவனுக்கு 4.2. கேட்சருக்கு வேறு கணக்கு: பந்து தன் கையுறையில் விழுந்த நொடியிலிருந்து அவன் எறிந்தது இரண்டாவது பேஸ்காரன் கையுறைக்குப் போய்ச் சேரும்வரை. 2.0 வினாடி சராசரி, 1.9 என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். என் மகன் 2.25. சுமாரான கேட்சர் என்று சொன்னது அதனால்தான்.

'அவனுக்கு 60 ரன், 45 ஹிட்' னு பேசிக்கறாங்களே, அது என்ன மார்க்கு?

20-லிருந்து 80 வரை போகும் அளவுகோல் அது. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10-ம் புள்ளியியலில் சொல்லும் ஒரு திட்ட விலக்கம், அதனால்தான் இரண்டு பக்கமும் மூன்று படியோடு நிற்கிறது. பேட்டருக்கு ஐந்து விஷயங்களில் மார்க்: பந்தை மட்டையில் வாங்குவது (ஹிட்), தூக்கி அடிக்கும் பலம், ஓட்டம் (ரன்), எறியும் கை, ஃபீல்டிங். பிட்ச்சருக்கு ஒவ்வொரு வகைப் பந்துக்கும் தனித்தனி மார்க், கட்டுப்பாட்டுக்கு வேறு ஒரு மார்க்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் போடுவார்கள், இன்றைக்கு ஒன்று, எதிர்காலத்துக்கு ஒன்று. 17 வயதுப் பையனுக்கு இன்றைய ஹிட் மார்க் 20 அல்லது 25 இருப்பது சகஜம்; அவனை ஒப்பிடுவது பக்கத்துப் பள்ளிப் பையனோடு இல்லை, மேஜர் லீக்கில் ஆடுகிறவர்களோடு. ஸ்கவுட் சம்பளம் வாங்குவது அந்த இரண்டாவது மார்க்குக்காக.

என் பையன் ஸ்கூல் சீசன்ல .480 அடிச்சான். ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையே, ஏன்?

நிறையப் பெற்றோருக்கு மனசு உடையும் இடம் இதுதான். .480 என்றால் நூறு வாய்ப்புக்கு 48 ஹிட்; அதை யாருக்கு எதிராக அடித்தான் என்பதுதான் முதல் கேள்வி. மணிக்கு 78 மைலில் நேராக வரும் பந்தை அலுமினிய மட்டையால் அடித்ததை வைத்து, மேஜர் லீக்கின் சராசரியான 94 மைல் ஃபாஸ்ட்பாலை என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. பள்ளி எண்களை ஸ்கவுட்டுகள் கிட்டத்தட்ட பார்ப்பதே இல்லை. கைகளின் வேகம், கண் எவ்வளவு சீக்கிரம் பந்தைப் படிக்கிறது, வளைந்து வெளியே போகும் பந்தை விடுகிறானா துரத்துகிறானா, இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

அதனால்தான் நல்ல பையன்களை ஒரே இடத்தில் மோதவிடும் கோடைப் போட்டிகளுக்கு இத்தனை மதிப்பு. பள்ளிப் பையன்களுக்கு ஏரியா கோட் கேம்ஸ், பெர்ஃபெக்ட் கேம் என்ற நிறுவனம் நடத்துபவை, இப்படிச் சில. கல்லூரிக்காரர்களுக்கு மாசசூசெட்ஸில் கேப் காட் லீக்: பத்து அணிகள், மேஜர் லீக்கில் இருப்பதுபோல மர மட்டை, பையன்கள் உள்ளூர் வீடுகளில் தங்கி ஆடுவார்கள், பார்க்க டிக்கெட் கிடையாது. அலுமினியத்தில் அடித்தவன் மரத்திலும் அடிக்கிறானா என்று அங்கேதான் தெரியும்.

சரி, பிட்ச்சர்னா வேகம் இருந்தா போதும்ல?

உள்ளே நுழைய வேகம் வேண்டும். அதற்கு மேல் அது மட்டும் போதாது. முதல் இன்னிங்ஸில் 95 போட்டவன் ஐந்தாவதில் 89-க்கு இறங்கினால் ஸ்கவுட் குறித்துக்கொள்வார். ஃபாஸ்ட்பால் வீசும் அதே கை வீச்சில் ஸ்லைடர் என்ற வளையும் பந்தும் வருகிறதா, பந்தைக் கேட்ட இடத்தில் வைக்கிறானா, வீசி முடித்த பிறகு உடம்பு நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

வேகத்துக்கு விலை உண்டு. முழங்கைத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு முதலில் செய்யப்பட்டதால் அந்தப் பெயர். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இப்போது பள்ளிப் பையன்களே அதைச் செய்துகொண்டு வருகிறார்கள். வருடம் பன்னிரண்டு மாதமும் பந்து வீசவைக்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஸ்கவுட் ஒருத்தர் பையனை விட்டுட்டு என்னையும் என் வீட்டுக்காரரையும் மேலும் கீழும் பாத்தாரு. எதுக்குங்க அது?

உங்கள் உயரத்தை அளந்திருப்பார். 17 வயதில் ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒல்லியாக இருக்கிற பையன் மேல் 25 வயதில் இருபது கிலோ ஏறுமா, அது எங்கே ஏறும் என்று ஊகிப்பதுதான் அவர் தொழிலில் பாதி. அப்பா அம்மா உடல்வாகு ஒரு துப்பு, அகன்ற தோள், நீண்ட விரல்கள் இன்னொரு துப்பு. வயதையும் மாதக் கணக்கில் பார்ப்பார்கள். ஒரே வகுப்பில் படிக்கும் 17 வயதுக்காரனும் 19 வயதுக்காரனும் ஒரே மாதிரி ஆடினால் சின்னவனுக்குத்தான் மதிப்பு. 2025-ல் வாஷிங்டன் அணி முதலாவதாக எடுத்த ஈலை வில்லிட்ஸுக்கு அன்று வயது 17. அவர் அப்பா ரெஜி வில்லிட்ஸ் மேஜர் லீக்கில் ஆடியவர்.

'மேக்கப்' நல்லா இருக்குன்னு எழுதறாங்களாமே? பவுடர் போடறதா?

என் மாமியார் கேட்டது, சிரித்துவிட்டேன். அவர்கள் பாஷையில் மேக்கப் என்றால் மனசு, குணம், ஊக்கம் எல்லாம் சேர்ந்தது. ஸ்ட்ரைக்-அவுட் ஆனதும் மட்டையை வீசுகிறானா? தோழன் பந்தைத் தவறவிட்டால் முறைக்கிறானா? வீட்டுக்கு வந்து பேசுவார்கள், பயிற்சியாளரையும் ஆசிரியரையும் விசாரிப்பார்கள். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் வருடக்கணக்காகப் பஸ்ஸில் அலைந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றுப் பழகவேண்டும். அதைத் தாங்குவானா என்பதுதான் கேள்வி. ஸ்டாப்வாட்ச்சில் பிடிபடாத ஒன்று என்பதால் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

இவ்ளோ பாத்துமா மைக் ட்ரௌட்டை 25-ஆவது இடம்வரைக்கும் விட்டாங்க?

2009 டிராஃப்ட். இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் ட்ரௌட் அன்று 17 வயதுப் பையன், ஊர் நியூ ஜெர்சியின் மில்வில். காரணம் பெரும்பாலும் குளிர். கலிபோர்னியா, டெக்சஸ், ஃப்ளோரிடா பையன்கள் வருடம் முழுக்க ஆடுவார்கள்; நியூ ஜெர்சியில் பள்ளி சீசன் குறுகியது, மழையிலும் குளிரிலும் பாதி போய்விடும், எதிரே வீசுகிறவர்களும் சுமார். முன்பு சொன்ன 'யாருக்கு எதிராக' என்ற கேள்விதான் இங்கேயும். போய்ப் பார்த்த அன்று மழை பெய்திருந்தால் அந்த அணிக்கு அவர் வெறும் ஒரு பெயர்.

ஏஞ்சல்ஸின் வடகிழக்கு ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட்டுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவர் ட்ரௌட்டின் அப்பா ஜெஃப்போடு மைனர் லீக்கில் ஒரே அணியில் ஆடியவர். அந்த உடம்பு எப்படி வளரும் என்று அவருக்கு ஓரளவு தெரியும். அப்படியிருந்தும் பாருங்கள், ஏஞ்சல்ஸுக்கு அன்று 24, 25 என்று அடுத்தடுத்து இரண்டு இடம் இருந்தது. 24-ல் அவர்கள் சொன்ன பெயர் ராண்டல் கிரிச்சக். ட்ரௌட் அதற்கு அடுத்துத்தான்.

இது தனிக்கதை இல்லை. ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-ல் 13-ஆவது சுற்று, 402-ஆவது பெயர். மைக் பியாசா 1988-ல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது பெயர். அதுவும் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவர் அப்பாவுக்கு நண்பர் என்பதால் கிடைத்த தயவு. பியாசா பிறகு, பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இன்றைய 20 சுற்றில் அவர் பெயரே வந்திருக்காது.

பத்திரிகை லிஸ்ட்ல முதல்ல இருந்தவன் அஞ்சாவதா போறான், பேரே தெரியாதவன் முன்னாடி போறான். ஏன்?

பணம். 2012-லிருந்து முதல் பத்து சுற்றின் ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒரு தொகை குறித்துவைக்கிறது. ஓர் அணியின் இடங்களுக்கான தொகைகளைக் கூட்டினால் அதுதான் அந்த அணியின் பை. பைக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். பையைத் தாண்டினால் வரி. 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த முதல் சுற்று வாய்ப்பே போய்விடும்.

அந்த முதல் வருடமே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இதை வைத்து விளையாடியது. முதல் இடத்துக்குக் குறித்த தொகை 72 லட்சம் டாலர். அவர்கள் கார்லோஸ் கொரேயாவை 48 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். மிச்சமான பணத்தைக் காட்டி, கல்லூரிக்குப் போகவிருந்த லான்ஸ் மக்கல்லர்ஸை 41-ஆவது இடத்தில் 25 லட்சத்துக்குப் பிடித்தார்கள். 2017-ல் ஆஸ்ட்ரோஸ் கோப்பை வென்றபோது இருவருமே அணியில் இருந்தார்கள். ஆக, முதல் இடத்தில் போகிறவர்தான் அதிகப் பணம் வாங்குவார் என்பதும் இல்லை: 2024-ல் பசானா வாங்கியது 89.5 லட்சம், இரண்டாவது, மூன்றாவது இடத்துக்காரர்கள் ஆளுக்கு 92.5 லட்சம். ஆட்டத்தைப் பார்க்கும் அதே ஸ்கவுட்தான் 'எவ்வளவு கொடுத்தால் கையெழுத்துப் போடுவான்' என்பதையும் விசாரித்து எழுதவேண்டும். அந்த எண் தப்பானால் மற்ற அறிக்கை எல்லாம் வீண்.

ஸ்கூல் முடிச்சதும் போறதா, காலேஜ் போறதா? எது நல்லது அண்ணா?

முதலில் விதி. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் முடிக்கவேண்டும், அல்லது 21 வயது வரவேண்டும். அதுவரை எந்த அணியும் எடுக்க முடியாது. இரண்டு வருட ஜூனியர் கல்லூரி என்றால் அந்தப் பூட்டு இல்லை. பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியைப் பாதியில் முடித்து, அதற்குச் சமமான தேர்வு எழுதி, ஜூனியர் கல்லூரியில் ஒரு வருடம் ஆடி 2010-ல் முதல் பெயராகப் போனது இந்த வழியில்தான்.

என் கருத்தைக் கேட்டால்: வாழ்க்கையை மாற்றும் அளவு தொகை என்றால் போகட்டும், இல்லையென்றால் கல்லூரி. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். பழைய விதிப்படி ஓர் அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைப் பையன்களுக்குள் துண்டுபோட்டுக் கொடுப்பார்கள். இப்போது பல பெரிய கல்லூரிகள் 34 பேருக்கும் கொடுக்க முடிகிறது. ஆனால் 34-க்கு மேல் ஆள் வைக்க முடியாது என்பதால் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

பேர் சொல்லியாச்சு, அப்புறமும் சேராம போறாங்களே, அது எப்படி?

ஒன்று பணத்தில் ஒத்துவராது, இல்லையென்றால் எம்ஆர்ஐ. 2014-ல் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாக எடுத்த பிராடி எய்க்கனுக்கு 65 லட்சம் டாலர் பேசியிருந்தார்கள். முழங்கைப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொகையைக் குறைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். அடுத்த வருடமே அவருக்கு டாமி ஜான் சிகிச்சை நடந்தது. ஈடாக 2015-ல் கிடைத்த இரண்டாவது இடத்தில் ஆஸ்ட்ரோஸ் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை.

குமார் ராக்கரை நம்மவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அம்மா இந்திய வம்சாவளி. 2021-ல் நியூயார்க் மெட்ஸ் 10-ஆவது இடத்தில் எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே தராமல் விட்டது. அடுத்த வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது இடத்தில் எடுத்தது. 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் வீசிவிட்டார்.

எல்லாத்தையும் கேமராவே அளக்குதே, இனிமே ஸ்கவுட் எதுக்கு?

டிராக்மேன் மாதிரி கருவிகள் பந்தின் சுழற்சி, வளைவு, மட்டையிலிருந்து கிளம்பும் வேகம் எல்லாம் சொல்லிவிடும். பெரிய கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. அதனால் கல்லூரிப் பையனைப் பற்றி ஆபீஸில் உட்கார்ந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம், சில அணிகள் களத்து ஆட்களைக் குறைத்ததும் உண்மை. ஆனால் சின்ன ஊர்ப் பள்ளி மைதானத்தில் அந்தக் கருவி இல்லை. மேக்கப்பும், அப்பாவின் தோள் அகலமும், கையெழுத்துப் போடவைக்கும் அந்த எண்ணும் எந்தத் திரையிலும் வராது.

முதல் இடத்துல எடுத்தா கண்டிப்பா பெரிய ஆளாயிடுவான்ல?

ஸ்டீவ் சில்காட், 1966. பிரையன் டெய்லர், 1991. இருவருமே முதல் பெயர். இருவரும் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட ஆடாமல் காயத்தால் முடங்கினார்கள். 2013-ன் முதல் பெயர் மார்க் அப்பெல், நடுவில் ஆட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, 2022-ல் 30 வயதில்தான் அங்கே கால் வைத்தார். 20 சுற்றில் எடுக்கும் 600-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் மைனர் லீக்கோடு முடிந்துவிடுவார்கள். அறிக்கையில் பத்துக்கு மூன்று பலித்தால் நல்ல ஸ்கவுட் என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். தன் கணக்கைச் சொல்லவில்லை.

'ஸ்கவுட்டுகள் வருவாங்க, 800 டாலர் கட்டுங்க'ன்னு மெயில் வருது. கட்டலாமா?

நானும் ஒருமுறை கட்டினேன். போய்ப் பார்த்தால் சட்டையில் பெயர் குத்திய பயிற்சியாளர்கள் நாலு பேர், ஸ்டாப்வாட்ச் ஒன்று, ஸ்கவுட் பூஜ்யம். மகனுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. மேஜர் லீக் ஸ்கவுட் எந்தப் பெற்றோரிடமும் காசு கேட்கமாட்டார். நம் பயிற்சியாளருக்கு நேரில் தெரிந்த போட்டி என்றால் வருடத்துக்கு ஒன்று, இரண்டு போதும்.

ஸ்கவுட் கார்டு குடுத்துட்டுப் போனார்! எடுத்துடுவாங்களா?

உங்கள் பையன் பெயர் அவர் பட்டியலில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் பொருள். கேள்வித்தாள் அனுப்பினால் உண்மையாக நிரப்புங்கள், முக்கியமாகக் காயங்களையும் பண எதிர்பார்ப்பையும். வீட்டுக்கு வந்தால் பையனையே பேசவிடுங்கள். அப்பா குறுக்கே பேசினால் அதையும் எழுதுவார்கள்.

எங்கள் பிட்ச்சர் பையனுக்கு அந்த வசந்தத்தில் பதினொரு கார்டு வந்தது. ஜூலையில் ஒரு போனும் வரவில்லை. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். மேலே சொன்ன விதிப்படி இன்னும் ஒரு சீசன் காத்திருக்கவேண்டும். கார்டுகளை அவன் அம்மா ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.